முன்னபின்ன சார்

காரைக்கால் மாவட்டத்தில் இட்லியைத் தின்பதற்கு முன்னால் ஒரு போட்டோவும் தின்ற பிறகு ஒரு போட்டோவும் எடுத்த மனிதர் ஒருவர்தான். எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் சார். இரண்டாவது போட்டோவில் வெறும் தட்டு இருக்கும். ஓரத்தில் கொஞ்சம் சட்னி.

"வெறும் தட்டை எதுக்கு சார் புடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அது இருந்தாதாண்ணே தின்னேன்னு தெரியும்."

"தின்னது உங்களுக்கே தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஆதாரம் வேணும்ல?"

பிள்ளைகள் அவருக்கு முன்னபின்ன சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முன்ன ஒன்று, பின்ன ஒன்று. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

நான் அங்கே பியூன். கேட் திறப்பேன், மணி அடிப்பேன், மதியம் வேனில் சோறு வந்தால் இறக்கி வைப்பேன். நெடுங்காட்டிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் பள்ளிக்கூடம். சுற்றிலும் வயல். சார் கோவில்பத்தில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். பைக்கில் வருவார். நான் கேட் திறக்கும் முன்பே வெளியே நிற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வந்து நின்றார்.

"லீவுன்னு மறந்துட்டேண்ணே" என்றார்.

நானும் அன்று அங்கேதான் இருந்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

கோவில்பத்து சலூனில் அவர் முடி வெட்டிக்கொண்ட கதை ஊருக்கே தெரியும். உட்கார்ந்ததும் கண்ணாடியைப் பார்த்து ஒரு போட்டோ. வெட்டி முடிந்ததும் ஒரு போட்டோ. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கடைக்காரரிடம் காட்டினார்.

"பெருசா வித்தியாசம் தெரியலையே?"

"சார், இருக்கறதே நாலு முடி. இதுல வித்தியாசத்துக்கு நான் எங்க போவேன்?"

வாய்க்கால் கதை இன்னும் மோசம். காவிரித் தண்ணீர் எங்கள் பக்கம் கடைசியாகத்தான் வந்து சேரும். தண்ணீர் வருவதற்கு முன் ஒன்று, வந்த பின் ஒன்று எடுக்க வேண்டும் என்று சாருக்கு ஆசை. எந்த நாள் வரும் என்று தெரியாது. அதனால் தினமும் பைக்கை நிறுத்திக் காய்ந்த வாய்க்காலைப் படம் பிடித்தார். வயல்காரர்கள் பார்த்தார்கள். தினமும் ஒருவர் வருகிறார், வாய்க்காலைப் படம் எடுக்கிறார், போய்விடுகிறார். அதிகாரிதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"அய்யா, தண்ணி எப்ப விடுவீங்க?"

"எனக்கும் தெரியலீங்க. நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

அதிகாரியே காத்துக்கொண்டிருக்கிறாராம் என்று ஊரெல்லாம் பேச்சு. மறுநாள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் நின்றது. சோற்று வேன் நின்றது. அன்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பசி. தண்ணீர் வந்த அன்று சார் காய்ச்சலில் படுத்துவிட்டார். வாய்க்காலுக்குப் பின்ன போட்டோ இல்லாமலே போயிற்று.

மழைக்காலத்தில் ஆறாம் வகுப்புக் கூரை ஒழுகியது. சார் ஒரு மூலையில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் எச்.எம். அம்மா வந்தார்கள்.

"சார், என்ன பண்றீங்க? பக்கெட்டை வைங்க!"

"ஒரு நிமிஷம்மா. இது முன்ன. பக்கெட் வச்சப்புறம் பின்ன."

"பின்னயாவது மண்ணாவது! பீரோ நனையுது சார்!"

இந்தக் கிறுக்கு வேலைக்கும் ஆகும் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. வாத்தியார்கள் தங்கள் வகுப்பையே தாங்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று பாண்டிக் கல்வி ஆபீசிலிருந்து சொல்லியிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் சார் மட்டும் கை தூக்கினார். டேப்லெட் வந்தது, சுருக்கமாக டேப். தட்டு மாதிரி, கண்ணாடி போட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்குள் ஒரு இடம். பிள்ளை வாசித்தால் குரலைப் பிடித்துப் போடலாம். எழுதினால், வரைந்தால் படம் எடுத்துப் போடலாம். கொஞ்ச நாள் கழித்துப் பிள்ளையே பழையதைத் திறந்து பார்த்து, அப்போ எப்படி, இப்போ எப்படி என்று சொல்ல வேண்டும். அதற்கு சார் ஒரு பெயர் சொன்னார். போர்ட்ஃபோலியோ. என் வாய்க்கு வரவில்லை. நான் பெட்டி என்று சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள்.

பெட்டியைப் பெரியவர் ஒருவரும் பார்க்க வேண்டுமாம். பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டுமாம். மதியம் வராந்தாவில் சாப்பிட்டு முடித்ததும் சார் டேப்பை என் முன்னால் நீட்டுவார். ஒரு பையன் இங்கிலீஷ் வாசிப்பான்.

"என்ன தோணுதுண்ணே?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா எழுத முடியாது. என்ன நல்லாருக்கு?"

"பையன் நல்லாருக்கான்."

"வாசிப்புண்ணே?"

"அதுவும் நல்லாருக்கு."

அவர் அதைத் தட்டி ஏற்றிக்கொண்டார். 'பார்த்தவர், பள்ளி ஊழியர். கருத்து, நல்லாருக்கு. இரண்டு முறை.'

"அண்ணே, ஒண்ணை மட்டும் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்றது மரியாதை. போன மாசத்தையும் இந்த மாசத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்துச் சொல்றதுதான் கருத்து."

"சரிங்க சார்."

மறுநாளும் நல்லாருக்கு என்றுதான் சொன்னேன். எனக்குப் பேச்சு அவ்வளவுதான். வீட்டிலும் பேச ஆள் இல்லை. பழக்கம் விட்டுப்போயிற்று.

ஆராய்ச்சியில் ஒரு சட்டம் இருந்தது. அதில்தான் வம்பு. ஆறாம் வகுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்குப் பெட்டி உண்டு. மறு பாதிக்குக் கிடையாது, பழைய மாதிரியே பாடம். கடைசியில் பாண்டியிலிருந்து ஒருவர் வந்து இரண்டு பாதியையும் வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார். பெட்டி உள்ள பாதி நன்றாக வாசித்தால் பெட்டி நல்லது.

சார் சீட்டுப் போட்டுப் பிரித்தார். இரண்டாம் பாதியில் சுபஸ்ரீ என்று ஒரு பெண். வாய் ஓயாது. அவள் போட்டோ எடுக்கிற பக்கமெல்லாம் போய் நிற்பாள். முதல் பாதிப் பையன் ஒருவன் நண்டு வரைந்தான். அந்தப் படத்தில் நண்டுக்குப் பின்னால் சுபஸ்ரீ. இன்னொருத்தியின் கையெழுத்துப் படத்தில் ஓரமாக சுபஸ்ரீயின் கட்டைவிரல்.

"சுபா, நீ இதுல வரக் கூடாதும்மா. ஆராய்ச்சி கெட்டுடும்."

"நான் வந்தா எப்படி சார் கெடும்? நான் என்ன ஈயா?"

ஒரு நாள் அவள் அம்மா வந்துவிட்டாள். நடவிலிருந்து நேராக. காலில் சேறு காயவில்லை. நான் கேட்டில் நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.

"ஏன் சார், எம்மவ என்ன பாவம் பண்ணுச்சு? அந்தப் புள்ளைவொளுக்கெல்லாம் டேப்பு, இதுக்கு மட்டும் இல்லையா? வந்து ஒரே அழுவை."

"அப்படி இல்லம்மா. இப்ப பாருங்க, உரம் நல்லதா கெட்டதான்னு தெரியணும். என்ன பண்ணுவீங்க? ஒரு வயல்ல போடுவீங்க. பக்கத்து வயலைப் போடாம விடுவீங்க. அப்பதானே வித்தியாசம் தெரியும்?"

அவள் யோசித்தாள்.

"அப்ப எம்மவ உரம் போடாத வயலா?"

சார் போனை எடுத்தார். அதையும் சட்டைப் பையில் போட்டுவிட்டார். அவள் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டு நடவுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாளிலிருந்து சார் மணி அடித்த பிறகும் பள்ளிக்கூடத்தில் இருந்தார். இரண்டாம் பாதிப் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார். டேப்பில் இல்லை, தன் சொந்த போனில் பிடித்தார். பழையதைப் போட்டுக் காட்டினார். இப்போ எப்படி, அப்போ எப்படி என்று கேட்டார்.

"இது ஆராய்ச்சி இல்லண்ணே. சும்மா" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே சார்."

"நீங்க பாத்த பார்வைக்குச் சொன்னேன்."

அதற்கும் நான்தான் பெரியவர். அதற்கும் நல்லாருக்குதான்.

சில வாரத்தில் போனில் இடம் இல்லாமல் போயிற்று. சார் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார். முதலில் இட்லிகள் போயின. பிறகு தோசை. சலூன் போயிற்று. காய்ந்த வாய்க்கால் மட்டும் கட்டுக்கட்டாக இருந்தது, அதுவும் போயிற்று. கடைசியில் ஒரு படத்தில் விரல் நின்றது. விமான நிலையம். சின்னப் பெண் ஒருத்தி பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு பல் இல்லை.

"எம் பொண்ணுண்ணே."

சாரின் மாமனார் வீடு சொல்தா குடும்பம். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பட்டாளம். எல்லோருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். மனைவியும் மகளும் பிரான்சுக்கே போய்விட்டார்கள். சாரும் ஒரு தடவை போயிருக்கிறார். குடோனில் பெட்டி அடுக்குகிற வேலை இருக்கிறது என்றார்களாம். பாடம் நடத்த முடியாதே என்று திரும்பி வந்துவிட்டார்.

"இது முன்ன" என்றார்.

"பின்ன எங்க சார்?"

"திரும்பி வந்தாதானே எடுக்க முடியும்."

அந்தப் படத்தை அவர் அழிக்கவில்லை. பிறகு நான் போய் ஜன்னல் எல்லாம் சாத்தினேன்.

பாண்டியிலிருந்து ஆள் வரும் நாள் நெருங்கியது. எச்.எம். அம்மா சாரைக் கூப்பிட்டு அறையில் பேசினார்கள். எச்.எம். அம்மா ரகசியம் பேசினால் வாய்க்கால் வரைக்கும் கேட்கும்.

"சார், வித்தியாசம் தெரிஞ்சா டேப்பும் இங்க, நீங்களும் இங்க. இன்னும் ஒரு வருஷம் நடத்தச் சொல்லிடுவாங்க. தெரியலேன்னா டேப் வேற பள்ளிக்கூடத்துக்கு. நீங்க மாஹேக்கு. அதுவும் நம்ம பாண்டி சர்க்கார்தானே, அங்க இங்கிலீஷ் வாத்தியார் இடம் காலியாம்."

"அங்க மலையாளமாச்சேம்மா."

"நானும் சொல்லிப் பாத்தேன். இங்கிலீஷ் வாத்தியாருக்கு எந்த ஊரா இருந்தா என்னங்கறாங்க."

சார் வெளியே வந்து என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இங்க வீட்டுல பேச ஆள் இல்லண்ணே. அங்க போனா ரோட்டுல பேசறதும் புரியாது."

"வித்தியாசம் தெரியும் சார்."

"எப்படிண்ணே தெரியும்? நாந்தான் ரெண்டு வயலுக்கும் உரம் போட்டுட்டேனே."

அவர் எழுந்து பள்ளிக்கூடத்தை ஒரு போட்டோ எடுத்தார். எதுக்கும் இருக்கட்டும் என்றார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆறாம் வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது அப்போது தெரியாது. சாருக்கும் தெரியாது.

பாண்டியிலிருந்து ஒரு மேடம் வந்தார்கள். நல்ல மாதிரி. குரல் உயர்த்திப் பேசவில்லை. முதல் பாதிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. எச்.எம். அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

இரண்டாம் பாதி ஆரம்பித்தது. முதல் பையன் எழுந்தான். தி என்றான். த என்றான். மறுபடி தி என்றான். உட்கார்ந்துவிட்டான். அடுத்தவன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். அதற்கு அடுத்தவள் ஒரு வார்த்தைக்கு ஒரு தடவை எச்சில் விழுங்கினாள். நான் தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நின்றேன். இந்தப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் எப்படி வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் சாரைக் காப்பாற்றுகிறார்கள்.

சாருக்கும் விளங்கியிருக்கும். சுவரோரம் நின்றார். கழுத்தெல்லாம் வேர்வை. மேடம் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். சார் பேசாமல் நின்றால் போதும். மாஹே இல்லை.

கடைசியாக சுபஸ்ரீ. அவளுக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. பி, ஓ, ஏ, டி என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பிறகு மேடத்தைப் பார்த்து, "இது எருமையா டீச்சர்?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். சாரால் முடியவில்லை.

"சுபா! இதான் நீ படிக்கற லட்சணமா? முந்தாநாள் எப்படிப் படிச்சே?"

போனை எடுத்தார். போட்டார். வகுப்பு முழுவதும் சுபஸ்ரீயின் குரல். அதே படகுப் பாடம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஏற்ற இறக்கத்தோடு ஓடியது. முடிவில் அவள் சிரிப்பு. அதற்குப் பின்னால் ஒரு ஆண் குரல், "நல்லாருக்கு."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சொம்பைப் பார்த்தேன்.

மேடம் பேனாவை மூடினார்கள்.

"சார், இந்தப் பொண்ணு பெட்டி இல்லாத பிரிவுதானே?"

"ஆமாம் மேடம்."

"அப்ப இந்தப் பதிவு?"

"நான்தான் எடுத்தேன். எல்லாப் புள்ளைக்கும் எடுத்தேன்." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "மேடத்துக்கு ஒழுங்கா வாசிச்சுக் காட்டுங்க. எனக்காக யாரும் முட்டாளாக வேண்டாம்."

வாசித்தார்கள். சிலர் அழுதுகொண்டே வாசித்தார்கள். ஆனாலும் தப்பு இல்லை.

மேடம் போன பிறகு எச்.எம். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். "புள்ளைங்களே உங்களை இருக்க வச்சிருக்கும் சார். நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே!"

சார் காதில் அது விழவில்லை. என்னிடம் வந்தார். "அண்ணே, கேட்டீங்களா? எப்படிப் படிச்சா பாத்தீங்களா?" முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் போட்டோ எடுத்திருக்கலாம். எனக்கு எடுக்கத் தெரியாது.

டேப்பை எல்லாம் அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்பினோம். மாஹே ஆர்டர் வந்தது. கிளம்பும் நாள் சார் பையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சாயங்கால ரயில். எர்ணாகுளம் போய் மாற வேண்டும். பிள்ளைகள் கேட் வரைக்கும் வந்தார்கள். சுபஸ்ரீ அவர் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சார், நேரா நில்லுங்க. சிரிங்க. இன்னும் சிரிங்க. என்ன சார், உங்களுக்கு இது கூட வரலையே!"

எடுத்தாள். என் போனுக்கும் அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். சார் பைக்கை விற்றிருந்தார். என் சைக்கிளில் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை போனேன். பஸ் ஏறும்போது, "வரேண்ணே" என்றார். "சரிங்க சார்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மாஹேயிலிருந்து படம் வரும். ஆற்றங்கரை. மழை. அவர் அறை. கட்டில் ஒன்று, நாற்காலி ஒன்று. எல்லாவற்றுக்கும் நான் போனில் பேசி அனுப்புவேன். நல்லாருக்கு.

போன மழைக்காலத்தில் தன் முகத்தைப் படம் எடுத்து அனுப்பினார். மீசையை எடுத்துவிட்டாராம், எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். நல்லாருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்னவோ தோன்றியது. கேட்டில் சுபஸ்ரீ எடுத்த படத்தைத் தேடி எடுத்தேன். அதைப் பார்த்தேன். இதைப் பார்த்தேன். மறுபடி அதைப் பார்த்தேன்.

"சார், மீசையை விடுங்க. கன்னம் ஒட்டிப் போச்சு. சட்டைக் காலர் கழுத்துல நிக்கல. சாப்பிடறதில்லையா நீங்க?"

நான் அவ்வளவு நீளமாகப் பேசி எனக்கே நாளாயிற்று.

பிறகு அவர் குரல் வந்தது.

"இதாண்ணே கருத்து."

அன்று ராத்திரி முதல் சாருக்குச் சோறும் என் பொறுப்பு. தட்டில் சோறு போட்டதும் மாஹேயிலிருந்து ஒரு படம் வரும். அதோடு அவரை நான் விடுவதில்லை. எனக்கு ஆதாரம் வேண்டும். என் சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். வெறும் தட்டு வந்த பிறகுதான் நான் சாப்பிட உட்காருகிறேன்.